ஹார்ப்பியை வைத்துச் சிரிப்புப் படக்கதை வரைவது எப்படி?

கிரேக்கப் புராணத்தில் ஹார்ப்பி என்றால் பெண்ணின் முகமும் பறவையின் இறக்கையும் சேர்ந்த ஒரு பிறவி. காமிக்ஸ் வரையத் தொடங்குகிறவர்கள் இதைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். கோரைப் பல், ரத்தம் சொட்டும் நகம் என்று பேயாக வரைந்துவிடுவார்கள். இல்லையென்றால் ஓயாமல் கத்தும் மாமியார் ஜோக்குக்கு இறக்கை ஒட்டிவிடுவார்கள். இரண்டிலும் சிரிப்பு வராது. மூலக்கதையை ஒருதரம் ஒழுங்காகப் படித்தால், ஹார்ப்பியின் சிரிப்பு சாப்பாட்டுத் தட்டில் இருப்பது தெரிந்துவிடும். வாயில் வைக்கப்போகும் நேரம் பார்த்துச் சாப்பாடு காணாமல் போகிறது. அதையும் அவர்கள் கோபத்தில் செய்யவில்லை. மேலிடத்து உத்தரவுப்படி செய்கிறார்கள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வரையலாம்.

முதல் வேலை: ஃபினியஸ் கதையைப் படியுங்கள்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் நகரத்து அப்பொல்லோனியஸ் எழுதிய 'ஆர்கோனாட்டிகா' காவியத்தின் இரண்டாம் பகுதியில் இந்தக் கதை வருகிறது. தங்க ஆட்டுத்தோலைத் தேடி ஜேசனும் கூட்டாளிகளும் ஆர்கோ கப்பலில் போகிறார்கள். போகிற வழியில், திரேஸ் கடற்கரையில் ஃபினியஸ் என்ற கிழவரைப் பார்க்கிறார்கள். அவர் குறி சொல்கிறவர். தேவர்களின் அரசன் ஜீயஸின் மனசில் இருப்பதைக்கூட ஒளிக்காமல் ஜனங்களிடம் சொல்லிவிட்டார். அதற்குத் தண்டனையாகக் கண் போனது, சாவு வராமல் முதுமை நீண்டது, அப்புறம் ஹார்ப்பிகள் வந்தார்கள்.

குறி கேட்க வருகிற அக்கம்பக்கத்து ஜனங்கள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவார்கள். ஹார்ப்பிகள் மேகத்திலிருந்து பாய்ந்து, அதை அவர் கையிலிருந்தும் வாயிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். சில நாள் ஒரு துணுக்கு மிஞ்சாது. சில நாள் கொஞ்சம் விட்டுவைப்பார்கள், ஆள் செத்துவிடக் கூடாதே என்று. விட்டுவைத்ததிலும் குடலைப் பிடுங்கும் நாற்றம். தூரத்தில்கூட யாரும் நிற்க முடியாது.

இதைப் படிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, சிரிப்பு ஒளிந்திருக்கும் இடங்களை ஓரத்தில் குறியுங்கள். கிழவர் வருங்காலம் அறிந்தவர். எந்த நொடியில் தட்டு பறிபோகும் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் சாப்பிட முடியாது. ஹார்ப்பிகளை விரட்டப்போகிறவர்கள் யார் என்பதும் முன்பே தெரியும்: வடகாற்றுக் கடவுள் போரியாஸின் இறக்கை முளைத்த மகன்கள், ஸீட்டிஸும் காலைஸும். ஃபினியஸின் மனைவி கிளியோபாட்ரா (எகிப்து ராணி வேறு ஆள்) இவர்களுடைய சகோதரி. ஆக, காப்பாற்ற வருகிறவர்கள் மச்சினர்கள். மச்சினன் ஸீட்டிஸ் உடனே கிளம்பிவிடவில்லை. "இதைச் செய்தால் எங்கள்மேல் தெய்வங்களுக்குக் கோபம் வராது என்று சத்தியம் பண்ணுங்கள்" என்று கேட்கிறான். கிழவர் பசியோடு உட்கார்ந்து சத்தியம் பண்ணுகிறார்.

அதற்குப் பிறகு ஒரு விருந்தைப் பொறியாக வைக்கிறார்கள். கிழவர் கை வைத்ததும் ஹார்ப்பிகள் பாய்கிறார்கள். வீரர்கள் கூச்சல் போட்டு முடிப்பதற்குள் எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் கடலைப் பார்க்கப் பறந்துவிடுகிறார்கள். மிஞ்சியது நாற்றம். சகோதரர்கள் துரத்துகிறார்கள், விரல் நுனி படும் தூரம்வரை நெருங்குகிறார்கள். அந்த நேரத்தில் வானவில் தேவதை ஐரிஸ் குறுக்கே வந்து, இவர்கள் ஜீயஸின் வேட்டைநாய்கள், வெட்டக் கூடாது என்கிறாள். இனி ஃபினியஸ் பக்கம் வரமாட்டார்கள் என்று பாதாள உலகத்து ஸ்டிக்ஸ் நதியின் பெயரால் சத்தியமும் செய்துகொடுக்கிறாள். அத்தோடு துரத்தல் முடிந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டு பேர் வானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கப்பலில் வந்த மற்றவர்கள் கிழவரைக் குளிப்பாட்டி, ஆடு அறுத்து, அவரோடு சேர்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவர் கனவில் சாப்பிடுகிற மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டார் என்று எழுதுகிறார் அப்பொல்லோனியஸ். அந்த ஒரு காட்சியிலேயே ஆறு ஏழு பட்டைக் கதைகள் (ஒரு வரிசைக் கட்டங்களில் முடியும் படக்கதைகள்) கிடக்கின்றன.

அடுத்து வர்ஜில்

ரோமானியக் கவி வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில், மூன்றாம் பகுதியில் ஹார்ப்பிகள் மறுபடி வருகிறார்கள். இப்போது அவர்கள் இருப்பிடம் அயோனியக் கடலில் உள்ள ஸ்ட்ரோஃபடீஸ் தீவுகள். டிராய் நகரத்திலிருந்து தப்பி வந்த ஈனியஸும் ஆட்களும் கரையிறங்குகிறார்கள். காவல் இல்லாமல் மேயும் மாடுகளைப் பார்த்ததும் வெட்டிச் சமைத்துவிடுகிறார்கள். ஹார்ப்பிகள் வந்து விருந்தை நாசம் செய்கிறார்கள். இடத்தை மாற்றிப் பாறை மறைவில் இலை போட்டாலும் வந்துவிடுகிறார்கள். மூன்றாவது தடவை வாளை உருவினால் இறகில் வெட்டு விழவே மாட்டேன் என்கிறது. பிறகு கெலைனோ என்ற ஹார்ப்பி பாறைமேல் உட்கார்ந்து கேட்கிறாள்: எங்கள் மாட்டையும் கொன்றுவிட்டு, எங்கள்மேலேயே சண்டைக்கும் வருகிறீர்களா?

நியாயமான கேள்விதான். புதிதாக எழுதுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். ஹார்ப்பி பக்கம் நின்று பார்த்தால் இது மாடு திருட்டுப் புகார். கதாநாயகனைத் திருடனாகவும், ஹார்ப்பியை ரசீது கேட்கும் மாட்டுக்காரியாகவும் வைத்து வரைந்து பாருங்கள், தானாகவே சிரிப்பு வரும்.

கெலைனோ ஒரு சாபமும் விடுகிறாள்: பசி தாங்காமல் உங்கள் மேசையையே கடித்துத் தின்கிற நாள் வரும், அதுவரை உங்கள் நகரத்துக்கு மதில் எழும்பாது. எல்லோரும் வெலவெலத்துப் போகிறார்கள். நாலு பகுதிகள் தாண்டி, ஏழாம் பகுதியில் இத்தாலிக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தட்டுக்குப் பதிலாக ரொட்டியைப் போட்டு அதன்மேல் பழங்களை வைத்திருக்கிறார்கள். பழம் தீர்ந்ததும் ரொட்டியையும் தின்கிறார்கள். உடனே ஈனியஸின் மகன் இயூலஸ், "அட, மேசையையும் தின்கிறோமே!" என்று விளையாட்டாகச் சொல்கிறான். சாபம் பலித்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜோக் இது. தொடர்கதை வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதல் வாரம் பயங்கரமாக ஒன்றைச் சொல்லிவைத்து, வாசகர் மறந்தபின் அற்பமான ஒரு விஷயத்தில் கொண்டுவந்து முடியுங்கள்.

குடும்பத்தை வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாளில் பாத்திரப் பட்டியல் போடுங்கள். பழைய கிரேக்கக் கவி ஹெஸியட் சொல்வது இரண்டு பேர்: அயெல்லோ, ஒக்கிபெட்டி. அப்பா தௌமாஸ், அம்மா கடல் தேவதை எலெக்ட்ரா. ஹெஸியட் இவர்களை அழகான கூந்தல் உள்ளவர்கள் என்கிறார், அவலட்சணம் எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது. கெலைனோவை மேலே பார்த்தோம். இன்னொரு கிரேக்கக் கவி ஹோமரிடம் பொடார்கி என்று ஒருத்தி உண்டு. மேல்காற்று செஃபைரஸுக்கும் இவளுக்கும் பிறந்தவைதான் டிராய் போரின் வீரன் அகிலீஸின் இரண்டு குதிரைகள், ஸாந்தஸும் பாலியஸும். அம்மா பறவைப் பெண், அப்பா காற்று, பிள்ளைகள் குதிரை. போதாததற்கு ஸாந்தஸ் ஒரு தடவை வாய் திறந்து அகிலீஸிடம் பேசவும் செய்கிறது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் பொடார்கி போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பட்டியலில் ஐரிஸை விட்டுவிடாதீர்கள். வானவில்லில் இறங்கிவந்து தேவர்களின் தூது சொல்கிற ஐரிஸ், ஹார்ப்பிகளின் கூடப்பிறந்தவள். ஒரே வீட்டில் ஒருத்தி வானவில், மற்றவர்கள் நாற்றம். "உன் அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ" என்று அம்மா சொல்லும் வீடு அது. கேலிக்குக் குறி அழகோ அவலட்சணமோ ஆக வேண்டியதில்லை, வேலையில் யாருக்கு நல்ல பெயர் என்பதே போதும்.

கை உண்டா இல்லையா?

வரையத் தொடங்குமுன் முடிவு செய்யவேண்டியது இது. பழைய கிரேக்கப் பானைகளில் ஹார்ப்பிகள் முழுப் பெண்கள்தான், முதுகில் இறக்கை இருக்கும். அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் கி.மு. 480 வாக்கில் செய்த ஒரு தண்ணீர்க் குடம் இருக்கிறது, அதில் ஃபினியஸின் சாப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹார்ப்பிகள் ஓடுகிறார்கள். பறவை உடம்பு, மனித முகம் என்ற வடிவம் பின்னால்தான் நிலைத்தது. இத்தாலியக் கவி தாந்தே பாடிய நரகத்தில், பதின்மூன்றாம் பாடலில் வரும் ஹார்ப்பிகளுக்கு அகன்ற இறக்கை, மனிதக் கழுத்து, நகமுள்ள கால், இறகு மூடிய வயிறு. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரே 1861இல் அதற்கு வரைந்த படங்களைப் பாருங்கள். பதிப்புரிமை தீர்ந்தவை, கோட்டு நிழல் போடும் முறையை அப்படியே பார்த்துப் பழகலாம்.

கை இருந்தால் நடிப்பு சுலபம்: இடுப்பில் கை வைக்கலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், தட்டை ஏந்தலாம். கை இல்லையென்றால் நடிப்பு கஷ்டம், ஜோக் சுலபம். கதவுத் தாழ்ப்பாளை எப்படித் திறப்பாள்? திருடிய சூப்பை எதில் எடுத்துப் போவாள்? கையெழுத்து போடச் சொன்னால்? நான் பரிந்துரைப்பது கை இல்லாத வடிவம். முகபாவம், புருவம், இறக்கை மூன்றையும் வைத்தே எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும், அது நல்ல பயிற்சி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். மூன்றாம் பட்டையில் அவசரத்துக்கு ஒரு கை முளைத்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

ஸைரனோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஸைரன் பாட்டுப் பாடி மாலுமிகளை இழுக்கிறவள், பழைய சித்திரங்களில் பறவை உடம்பு அவளுக்குத்தான். ஹார்ப்பி பாடமாட்டாள், பிடுங்குவாள். வேறு தேவதைகளோடும் அந்தக் காலத்திலேயே குழப்பம் இருந்திருக்கிறது: கி.மு. 458இல் மேடையேறிய, கிரேக்க நாடக ஆசிரியர் எஸ்கிலஸின் நாடகத்தில், கோயிலுக்குள் பழிதீர்க்கும் தேவதைகளைப் பார்த்து மிரண்டு வெளியே தவழ்ந்துவரும் பூசாரிப் பாட்டி, ஃபினியஸின் சாப்பாட்டைத் தூக்கிப்போகிறவர்களை ஒருதரம் படத்தில் பார்த்திருக்கிறேன், இவர்களுக்கு இறக்கை இல்லையே என்று விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு பட்டையை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

நாலு கட்டம், ஒரே அளவு. பின்னணி மாறக் கூடாது: ஒரு மேசை, ஒரு தூண், தூரத்தில் கடல்.

முதல் கட்டத்தில் ஃபினியஸ் மேசையருகே. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தட்டில் ரொட்டியும் அத்திப்பழமும் கொண்டுவந்து நிற்கிறார். "பெரியவரே, அதுங்க எப்ப வரும்?" "நீ தட்டைக் கீழே வச்சதும்."

இரண்டாவதில் பேச்சே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைக்காமல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு சிரிப்பு.

மூன்றாவதும் அதேதான், ஆனால் இருட்டிவிட்டது. வானத்தில் பிறை. கை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை. பின்னால் தூணில் சாய்ந்து ஒரு ஹார்ப்பி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாலாவதில் ஹார்ப்பி கரிசனமாக முன்னால் வந்து, "கை வலிக்குதுல்ல? கொடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்."

பிடுங்குகிற காட்சியை எங்கேயும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் அந்தப் பாய்ச்சலில்தான் உழைப்பு முழுவதையும் கொட்டுவார்கள்: வேகக் கோடு, சிதறும் பழம், பறக்கும் இறகு. அது சாகசக் கதைக்குச் சரி. சிரிப்புக் கதையில் பாய்ச்சல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டில் நடந்து முடிந்துவிட வேண்டும். முன்னால் காத்திருப்பு, பின்னால் காலித் தட்டு. தட்டின்மேல் ஒரே ஒரு இறகு ஆடி ஆடி இறங்கலாம், அவ்வளவு போதும். இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் ஒரேமாதிரி இருப்பதைப் பார்த்து, வீணாகிறதே என்று ஒன்றை வெட்டிவிடாதீர்கள். அந்தச் சலிப்புதான் நாலாவது கட்டத்தைத் தாங்குகிறது.

இப்போது இதே மேடையில் வேறு பட்டைகளை நீங்களே போடலாம். ஹார்ப்பி விடுப்பில் போனதால் மாற்று ஆள் வருகிறான், அவனுக்கு எவ்வளவு மிச்சம் வைக்கவேண்டும் என்று தெரியவில்லை. ஃபினியஸ் வேண்டுமென்றே கசப்பான ஒன்றைச் சமைக்கிறார், அவள் ஒரு வாய் தின்றுவிட்டு உப்பு போதவில்லை என்கிறாள். ஐரிஸ் சத்தியம் பண்ணிக்கொடுத்த மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் கிழவர் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார், யாரும் வரவில்லை. இந்தக் கடைசி யோசனையில் சிரிப்பு கொஞ்சம் குறையும், வாசகர் மறக்கமாட்டார்.

உடம்பை வரைவது

இறக்கையில் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் உண்டு, நம் கையில் இருக்கிற அதே வரிசையில். இது தெரியாமல் முதுகில் இரண்டு விசிறியைக் குத்திவைத்தால் உயிர் இருக்காது. பறவைக் காலில் பின்பக்கமாக மடிவது முழங்கால் போலத் தெரியும், உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கும். கழுகு மாதிரியான பறவைகளுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று.

பறப்பதற்குப் பருந்தைப் பாருங்கள், நடப்பதற்குக் கோழியைப் பாருங்கள். வானத்தில் கம்பீரமாக இறங்கிய ஹார்ப்பி தரைக்கு வந்ததும் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நடந்தால் பாதி ஜோக் அங்கேயே முடிந்துவிடும். திருடுமுன் ஓரக்கண்ணால் பார்ப்பதற்குக் காகத்தைவிட நல்ல மாதிரி கிடையாது.

இறக்கை இடத்தை அடைக்கும். விரித்த இறக்கையோடு இரண்டு பேரை ஒரு கட்டத்தில் போட்டால் வசனத்துக்கு இடம் இருக்காது. பேசும்போது மடக்கிவையுங்கள், கோபத்தில் மட்டும் விரியட்டும். அப்போது கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போனாலும் தப்பில்லை.

நாற்றத்தை ஹார்ப்பியின்மேல் வரையாதீர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தில் வரையுங்கள். நெளிநெளியாக மூன்று கோடு, ஒரு ஈ என்றால் எல்லோரும் வரைவது. வாடிப்போகும் பூங்கொத்து, மூக்கைப் பொத்திக்கொள்ளும் பளிங்குச் சிலை, காற்று திசை மாறியதும் திரும்பிப் போய்விடும் கப்பல் என்றால் உங்களுடையது. மலஜோக் ஒன்றிரண்டு வரலாம், கதையிலேயே அது உண்டு. அதையே நம்பி ஓட்டினால் மூன்றாவது வாரம் அலுத்துவிடும்.

வேண்டாத ஒன்று

'சண்டைக்காரப் பெண் என்றால் ஹார்ப்பி' என்ற கேலி ஷேக்ஸ்பியர் காலத்திலேயே பழசு. அவருடைய நாடகத்தில் பெனடிக், பியாட்ரிஸை அப்படித்தான் திட்டுகிறான். பிரெஞ்சுப் புரட்சியின்போது கேலிச்சித்திரக்காரர்கள் ராணி மரீ ஆன்ட்வனெத்தை ஹார்ப்பியாக வரைந்து, நகத்தால் மனித உரிமைப் பிரகடனத்தைக் கிழிக்கவைத்தார்கள். அது அரசியல் ஆயுதம், அதற்கு ஒரு இலக்கு இருந்தது. இன்றைக்கு மனைவி, மாமியார் ஜோக்குக்கு இறக்கை மாட்டுவதில் என்ன இலக்கு? வாசகர் முதல் கட்டத்திலேயே நாலாவதை ஊகித்துவிடுவார்.

அரசியல் கார்ட்டூன் வரைய ஆசை இருந்தால் வேறு பொருள் தயாராக இருக்கிறது. லிக்டன்ஸ்டைன் நாட்டின் அரசுச் சின்னத்தில் இன்றைக்கும் கிரீடம் வைத்த ஒரு கறுப்பு ஹார்ப்பி உண்டு. ஜீயஸின் கடைநிலை ஊழியர்களில் ஒருத்தி ஒரு நாட்டுச் சின்னம்வரை போய்விட்டாள், மற்ற சகோதரிகள் என்ன சொல்வார்கள்?

எழுத்தும் வெளியீடும்

வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றி ஊதுபையை (பேச்சு அடங்கும் குமிழை) வரைந்து, அதற்குப் பிறகே ஆளை வரையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினால் பாதிக் கட்டம் போய்விடும், "சாப்டுட்டிருக்கேன்" என்றால் ஒரு வரியில் அடங்கும். முதலில் பேசுகிறவரின் ஊதுபை இடப்பக்கம் மேலே இருக்கட்டும், அதற்கு ஏற்றபடி ஆட்களை நிறுத்துங்கள்.

சத்தத்துக்கு நம்மிடம் கடையே இருக்கிறது: இறக்கைக்குப் 'படபட', பாய்ச்சலுக்கு 'சர்ர்ர்', பிடுங்கினால் 'வெடுக்', விழுங்கினால் 'லபக்'. இவற்றைக் கணினி எழுத்துருவில் போடாமல் கையால் எழுதுங்கள், இறக்கை போகும் திசையிலேயே சாய்த்து. வசனங்களை மட்டும் எழுத்துருவில் போடலாம். சில மென்பொருள்களில் 'கொ', 'கெ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி உட்காரும், படமாகச் சேமித்த பிறகு ஒவ்வொரு வரியையும் ஒருதரம் வாய்விட்டுப் படியுங்கள். வரைவதற்குக் கிரிட்டா என்ற இலவச மென்பொருள் போதும். காகிதத்தில் வரைவதாக இருந்தால், அச்சாகும் அளவைப்போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குங்கள், கோடுகள் சுத்தமாகத் தெரியும்.

கைபேசியில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கிற வடிவம் ஹார்ப்பிக்கு ரொம்பப் பொருத்தம். நீளமான வெறும் வானம், ஓரத்தில் ஒரு புள்ளி, இன்னும் கொஞ்சம் வானம், அப்புறம் காலித் தட்டு. இன்ஸ்டாகிராமில் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படவரிசையாகப் போடுவதாக இருந்தால், மூன்றாம் கட்டத்தோடு ஒரு படத்தை முடித்து நாலாவதைத் தனிப் படமாக வையுங்கள். முகப்புப் படமாக முதல் கட்டத்தையே வையுங்கள், நாலாவதைப் போட்டுவிட்டால் தட்டு காலி என்பது முன்பே தெரிந்துவிடும்.